விறகாப் போற மரத்தை வழியிலயே புடிங்க: வீட்டு மரவேலைக்கு உள்ளூர்ல மரம் தேடுறது எப்படி, முழு வழிகாட்டி

உளி, இழைப்புளி, ஒரு கை ரம்பம், நாலு கிளாம்ப் எல்லாம் வாங்கியாச்சு, யூடியூப்ல பாத்து ஒரு சின்ன ஸ்டூல் பண்ணலாம்னு உக்காந்தா அங்க முட்டும். வீடியோல வர்றவங்க கடைக்குப் போய் வால்நட், மேப்பிள், ஓக்னு இழைச்சு ரெடியா இருக்குற பலகைய கைல எடுத்துட்டு வந்துடுவாங்க. நம்ம ஊர்ல அப்படி கடை இல்ல. டிம்பர் டிப்போவுக்குப் போனா "எத்தனை நிலை, எத்தனை ஜன்னல் சார்?"னு தான் முதல் கேள்வியே. ரெண்டு கன அடி போதும்னு சொன்னா மேலயும் கீழயும் பாப்பாங்க. கடைசில பிளைவுட் கடைக்குப் போய் ஒரு ஷீட் வாங்கி ஆசைய அடக்கிக்கிறவங்க தான் நிறைய.

ஆனா தமிழ்நாட்டுல மரத்துக்குப் பஞ்சம் இல்ல. பூவரசு, வாகை, தூங்குமூஞ்சி, வேம்பு, பலா, மாமரம்னு அருமையான மரங்கள் தினமும் லாரி லாரியா போயிட்டு தான் இருக்கு, என்ன, அதுல பெரும் பங்கு செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் மண்டபத்து அடுப்புக்கும் போகுது. அது அடுப்புக்குப் போய் சேர்றதுக்கு முன்னாடி நடுவுல எங்க நின்னு புடிக்கலாம்ங்கிறத பத்தி தான் இந்த வழிகாட்டி. தேக்கு மட்டும் தான் மரம்னு நினைக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

முதல்ல: என்ன செய்யப் போறீங்கன்னு அளவு எழுதுங்க

மரம் தேடப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல துண்டு துண்டா அளவு எழுதிக்குங்க, நீளம், அகலம், கனம், எத்தனை எண்ணம். பொழுதுபோக்கு வேலைல பெரும்பாலும் 2 அடிக்கு மேல துண்டே தேவைப்படாது. இது தான் உங்க பலம். 7 அடி நேர் மரம் வேணும்னா கதவு செய்யுறவர் குடுக்குற விலைய நீங்களும் குடுக்கணும், ஆனா 2 அடி துண்டு அவருக்கு குப்பை.

அதோட கன அடி கணக்கு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா எந்தக் கடைலயும் பேச முடியாது. அறுத்த மரத்துக்கு: நீளம் அடில, அகலமும் கனமும் இஞ்சுல, மூணையும் பெருக்கி 144-ஆல வகுங்க. 6 அடி நீளம், 8 இஞ்ச் அகலம், 1.5 இஞ்ச் கனம்னா 72, அத 144-ஆல வகுத்தா அரை கன அடி. உருட்டு மரத்துக்கு வேற கணக்கு, சுத்தளவ நாலால வகுத்து, வர்றத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 144-ஆல வகுக்கணும். 40 இஞ்ச் சுத்தளவு, 6 அடி நீளம்னா 10×10×6, 600, வகுத்தா 4.17 கன அடி வரும். உண்மையான கன அளவுல இது 78.5 சதவீதம் தான், அறுக்கும்போது போற கழிவுக்காக பழைய காலத்துலேர்ந்தே இப்படி விட்டுக் கணக்கு போடுறாங்க. ஆனாலும் சின்ன மரத்தை அறுத்து பட்டை, தூள், வெளிப்பக்கத்து வெளுத்த மரம் எல்லாம் கழிச்சா நல்ல பலகை பாதிக்குப் பக்கம் தான் தேறும், அத மனசுல வச்சு விலை பேசுங்க.

துண்டு மரத்தை கிலோ கணக்குல குடுக்குற இடங்கள்ல ஒரு கணக்கு கைல இருந்தா நல்லது: காஞ்ச தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. கிலோ விலைய 18-ஆல பெருக்கிப் பாத்தா டிப்போ விலையோட ஒப்பிட்டுக்கலாம். பச்ச மரமா இருந்தா நீங்க தண்ணிக்கும் சேத்து காசு குடுக்குறீங்க.

மரத்தை அடையாளம் தெரிஞ்சுக்குறது

கோயம்புத்தூர் பக்கம் இருக்குறவங்க, இல்ல அந்தப் பக்கம் போறவங்க, காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. 1902-ல தொடங்கினது, உள்ள நம்ம காட்டு மரங்களோட மாதிரித் துண்டுகள் இருக்கு, ஒரே இடத்துல வேங்கை, ஈட்டி, தேக்கு எல்லாத்தையும் பாத்தா கண்ணு பழகிடும். நெட்ல போட்டோ பாத்து மரத்தைக் கண்டுபிடிக்க முடியாதுங்க, பாலிஷ் போட்டா எல்லாமே பிரவுன் தான்.

அடுத்து வைரம், வெள்ளை வித்தியாசம். மரத்தோட நடுப்பகுதி, கலர் ஏறி கெட்டியா இருக்குறது வைரம். வெளிப்பக்கம் வெளுத்து இருக்குறது வெள்ளை. பூச்சி முதல்ல உக்காருறது வெள்ளைல தான். 12, 15 வருஷத்துல வெட்டின வரப்புத் தேக்கு சல்லிசா கிடைக்கும், தேக்குன்னு பேர் தான், குறுக்கால வெட்டிப் பாத்தா நிறைய வெள்ளை தான் இருக்கும். அதுக்கு 40 வருஷ பூவரசு எவ்வளவோ மேல்.

சா மில்: இங்க தான் ஆரம்பிக்கணும்

உங்க தாலுகாவுல பெரும்பாலும் ஒரு சா மில், அதாவது மரம் அறுக்குற மில், இருக்கும். சென்னைன்னா ஜி.என்.டி. ரோட்டுல மாதவரம், ரெட்ஹில்ஸ் பக்கம் மில்லும் டிப்போவும் நிறைய. தெற்க செங்கோட்டை, தென்காசி மர வியாபாரத்துக்குப் பேர் போன ஊர், தூத்துக்குடி துறைமுகத்துல வெளிநாட்டு மரம் இறங்குது, மேட்டுப்பாளையம் பக்கம் சில்வர் ஓக்கும் மலைவேம்பும் குவிஞ்சு கிடக்கும்.

போற நேரம் முக்கியம். காலைல லோடு இறங்குற நேரத்துல போனா யாரும் முகம் குடுத்து பேச மாட்டாங்க. வார நாள்ல மதியத்துக்கு மேல போங்க. போனதும் விலை கேக்காம, மூலைல குவிச்சு வச்சிருக்குற கட் பீஸைக் காட்டி "அண்ணே, இது எல்லாம் விறகுக்குப் போறதா, கொஞ்சம் பொறுக்கிக்கவா?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் "எடுத்துக்கோ தம்பி, எடை போட்டு காசு குடுத்துடு"ன்னு தான் பதில் வரும். நிலைச்சட்டம் அறுத்து மிஞ்சின 1 அடி, ஒன்றரை அடி துண்டுங்க, பட்டையோட வர்ற ஓரப் பலகைங்க, வெடிப்பு விழுந்ததால ஒதுக்கினது, இதெல்லாம் அங்க தான் கிடக்கும். வெடிப்பு நுனில மட்டும் இருந்தா வெட்டி எறிஞ்சுட்டு மீதிய எடுத்துக்கலாம்.

மில்லுல மெஷின் ஓட்டுறவர் தான் முக்கியமான ஆளு, ஓனர் இல்ல. எந்த மரம் எப்ப வந்துச்சு, எது காஞ்சது, எது நேத்து வெட்டினதுன்னு அவருக்குத் தான் தெரியும். டீ வாங்கிக் குடுத்து, நீங்க செஞ்ச ஒரு சின்ன டப்பாவோ ஸ்பூனோ கொண்டு போய்க் காட்டுங்க. அடுத்த தடவை பலா வந்துச்சுன்னா உங்களுக்கு ஒரு துண்டு ஓரமா எடுத்து வச்சிருப்பார். போன் நம்பர் குடுத்துட்டு வர மறந்துடாதீங்க.

விறகுக் கடையும் மர வியாபாரியும்

யாரும் பாக்காத இடம் இது. விறகு வாடில பெரிய அடிமரம் வந்து கிடக்கும், கோடாலி போடுறதுக்கு முன்னாடி கேட்டா விறகு விலைக்கே குடுத்துடுவாங்க. என்ன மரம் எல்லாம் வருதுன்னு என் அபிப்பிராயத்தோட சொல்றேன்.

தூங்குமூஞ்சி மரம். ரோட்டோரம், காலேஜ், ரயில்வே குவாட்டர்ஸ்ல எல்லாம் குடை மாதிரி விரிஞ்சு நிக்குமே, அது தான். இந்தோனேசியாலேர்ந்து சுவார்னு பேர் போட்டு லட்சக்கணக்குல விக்கிற ஒத்தப் பலகை டைனிங் டேபிள் இந்த மரம் தான். ஹவாய்ல இத லேத்துல கடைஞ்சு கிண்ணம் பண்ணி டூரிஸ்டுக்கு விக்கிறாங்க. சுருக்கம் ரொம்ப கம்மி, அதனால பச்சையா கடைஞ்சாலும் பெருசா வெடிக்காது. இங்க அத பிளந்து அடுப்புல போடுறோம். அகலமான பலகை வேணும்னா முதல் சாய்ஸ் இது.

பூவரசு: சாக்லேட் கலர் வைரம், ரேகை நெருக்கமா இருக்கும், இழைச்சா வழவழன்னு வரும், தண்ணியும் தாங்கும். கிராமத்துல பழைய பூவரசு விழுந்துச்சுன்னு கேள்விப்பட்டா வேலைய விட்டுட்டு ஓடுங்க. வாகையும் அழகு தான், ஆனா தூள் மூக்குல ஏறினா தும்மல் நிக்காது, மாஸ்க் இல்லாம தொடாதீங்க. வேம்பு பூச்சிக்குப் பயப்படாது, அலமாரி, பெட்டிக்கெல்லாம் ஏத்தது, ஆனா ரேகை மாறி மாறி ஓடும், உளி நல்ல கூரா இல்லன்னா பிய்ச்சுக்கிட்டு வரும். பலா கைக்கு ரொம்ப இதமான மரம், வெட்டும்போது மஞ்சள், போகப் போக தேன் கலருக்குத் திரும்பும். தஞ்சாவூர் வீணைக்கு பண்ருட்டிப் பக்கத்துப் பலா தான் போகுது, அதனால அந்தப் பக்கம் நல்ல அடிமரத்துக்கு போட்டி இருக்கும், கிளை மரம் உங்களுக்குப் போதும். மா எங்கயும் கிடைக்கும், விலையும் கம்மி, ஆனா வெட்டின கையோட அறுத்து காய வைக்கலன்னா பூச்சி தின்னுடும். புளியோட கட்டைய கறிக்கடைல பாத்திருப்பீங்க, கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், செய்ய அது தான் சரி.

சீமைக் கருவேலத்தைப் பத்தி தனியா சொல்லணும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ல மூட்டம் போட்டு கரியாக்குறாங்க, ஒழிக்கணும்னு கோர்ட்டே உத்தரவு போட்ட மரம். ஆனா இதோட சொந்தக்கார மரம் தான் அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட்னு பேர்ல உசந்த ஃபர்னிச்சர் மரம், காஞ்ச பிறகு கோணாம அப்படியே நிக்கும்ங்கிறது தான் அதோட பெருமை. நம்ம ஊர்ல அடிமரம் பருமனா கிடைக்காது, கோணல் மாணலா இருக்கும், அதனால மேஜைக்கு ஆகாது. கத்திப் பிடி, உளிப் பிடி, சின்ன கிண்ணம், பேனான்னு கடைசல் வேலைக்கு அடிச்சுக்க முடியாது, செம்பழுப்புக் கலர்ல மினுங்கும். காசும் பெருசா ஆகாது, அத வெட்டினா யாரும் கவலப்பட மாட்டாங்க. முள்ளு மட்டும் பாத்து.

தைல மரத்தையும் சவுக்கையும் விட்டுடுங்க, முறுக்கிக்கும், வெடிக்கும். தென்னையும் பனையும் டூல் முனைய மழுக்கிடும். பனைய வெட்டுறதுக்கு கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-லயே அரசு அறிவிச்சாச்சு.

கிராமத்துல மர வியாபாரின்னு ஒருத்தர் இருப்பார், தோட்டம் தோட்டமா போய் நிக்கிற மரத்தை விலை பேசி வெட்டுறவர். அவரோட பழகிட்டா ரொம்ப லாபம், ஒரு 3 அடி கட்டைய மட்டும் வாங்கி அப்படியே மில்லுல இறக்கி அறுத்துக்கலாம். ஒரு விஷயம், வீட்டு வாசல்ல, ரோட்டோரம் நின்ன மரத்துல ஆணி, துணிக்கொடி கொக்கி, போர்டு அடிச்ச கம்பின்னு உள்ள போயிருக்கும், பிளேடு போயிடும்னு மில்லுல அறுக்கவே மாட்டேம்பாங்க. தோட்டத்து மரம்னு சொன்னா தான் ஏத்துப்பாங்க, அதுக்காகப் பொய் சொல்லிடாதீங்க, பிளேடு போனா அந்த மில் வாசலே உங்களுக்கு மூடிடும்.

அறுக்கக் குடுக்கும்போது இழைச்ச பிறகு 1 இஞ்ச் வேணும்னா ஒன்னே கால் இஞ்ச் கனத்துக்கு அறுக்கச் சொல்லுங்க. காயும்போது சுருங்கும், இழைக்கும்போது கொஞ்சம் போகும்.

பழைய வீட்டு மரம்

காஞ்ச மரம் உடனே வேணும்னா இதுக்கு மேல ஒன்னு கிடையாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது கூரைல வரிசையா குடுத்த மரச்சட்டங்கள் இறங்கும், நிறைய வீடுகள்ல அது தேக்கு. செட்டிநாட்டுப் பக்கம்னா பர்மா தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருல பழைய பொருள் கடைங்க வரிசையா இருக்கு, ஆனா அங்க செதுக்கின கதவு, தூண் பக்கம் போனா விலை எங்கயோ போகும், அது நமக்கு வேண்டாம். உடைஞ்ச கதவுப் பலகை, கைமரம், ஒடிஞ்ச சட்டம் இருக்கான்னு கேளுங்க. நாதஸ்வரம் செய்யுறவங்க ஆச்சா மரத்தை இப்படித் தான் பழைய வீடுகள்லேர்ந்து தேடி வாங்குறாங்க, பல வருஷம் காஞ்ச மரத்துல தான் நாதம் நிக்கும்ங்கிறது அவங்க கணக்கு.

ஊர் ஊருக்கு பழைய கதவு ஜன்னல் கடைனு மெயின் ரோட்ல இருக்கும், அங்கயும் பாருங்க. அத விட நல்லது, இடிக்கிற காண்ட்ராக்டர் கிட்ட நேரா பேசுறது. வீடு இடிக்கிறத பாத்தா நின்னு கேளுங்க, வெக்கப்பட வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடி சுத்தியலால தட்டுங்க, டொக்குனு செத்த சத்தம் வந்தா உள்ள கரையான் வேலைய முடிச்சிருக்கு. ஸ்க்ரூடிரைவரால சுவத்துக்குள்ள பதிஞ்சிருந்த பக்கத்தைக் குத்திப் பாருங்க, முதல்ல போறது அது தான். ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க ஆணி தேட. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அத உப்புத்தாள் போட்டு தேய்ச்சு தூள் பறக்க விடாதீங்க, குறிப்பா வீட்டுல குழந்தைங்க இருந்தா. ஈரமா வச்சு சுரண்டுங்க.

பேக்கிங் மரம்

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை பக்கம் இருக்குறவங்களுக்கு யோகம். மெஷின் வர்ற பெட்டிகளும் பாலெட்டும் (சரக்கு அடுக்குற மரத்தட்டு) பெரும்பாலும் பைன், இத கழட்டி ஆணி புடுங்கி பலகையா விக்கிற கடைங்க அந்த ஏரியாக்கள்ல உண்டு. பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு இத விட நல்ல மரம் இல்ல, லேசு, உளிக்கு இறங்கிக் குடுக்கும், கெட்டுப் போனாலும் மனசு வலிக்காது. பாலெட்ல முத்திரை பாருங்க. HT-னு இருந்தா சூடு பண்ணிப் பூச்சி கொன்னது, மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரில 30 நிமிஷம் இருந்திருக்கணும்ங்கிறது விதி. MB-னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீங்க. எண்ணெயோ கெமிக்கலோ ஊறின கறை இருந்தாலும் வேண்டாம்.

பிளைவுட் கடைல ரப்பர் வுட் ஃபிங்கர் ஜாயின்ட் போர்டு கேட்டா கிடைக்கும், 8க்கு 4 ஷீட். ரப்பர் மரம் கன்னியாகுமரிலயும் கேரளாவுலயும் பால் வத்தின பிறகு வெட்டுறது, மருந்து ஏத்தி காய வச்சுத் தான் வரும். நேரா, காஞ்சு, அளவா இருக்கும். அவசரத்துக்கு ஓகே.

தொடக் கூடாதது

சந்தனம், செம்மரம், ஈட்டி இதெல்லாம் "சும்மா ஒரு துண்டு"ன்னு யாராவது நீட்டினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஈட்டிக்குன்னே 1994-ல தனிச் சட்டம் வந்துச்சு. 1968 மரக் கடத்து விதிகள்படி சில மரங்களை வண்டில ஏத்திட்டுப் போகவே வனத்துறை அனுமதி வேணும், எந்த மரத்துக்கு விலக்குன்னு உங்க ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டுக்குங்க. மலைப் பகுதில சொந்த இடத்து மரமா இருந்தாலும் வெட்ட 1955 சட்டப்படி அனுமதி வாங்கணும், நீலகிரி, கொடைக்கானல்ல இருக்குறவங்க கவனம். புறம்போக்கு, ரோட்டோர மரம் புயல்ல விழுந்து கிடந்தாலும் அது அரசு சொத்து, 2016 வர்தா புயலப்போ சென்னைல ஆயிரக்கணக்குல மரம் விழுந்துச்சு, ஆசையா இருக்கும் தான், ஆனா கேக்காம எடுக்கக் கூடாது. டிப்போலயோ மில்லுலயோ வாங்கினா பில் வாங்கி வண்டிலயே வச்சுக்குங்க.

கருங்காலியும் வேண்டாம்பேன், கருங்காலி மாலை போடுற மோகம் வந்ததுலேர்ந்து சாயம் போட்ட எதையாவது கருங்காலின்னு விக்கிறது தான் அதிகம்.

கொண்டு வந்து காய வைக்கிறது

கொஞ்சமா வாங்கினா பைக்ல கட்டிக்கலாம், பெருசுன்னா சென்னைல மீன்பாடி வண்டி, மத்த ஊர்ல குட்டியானை. மில் வாசல்லயே நிக்கிற வண்டிக்காரர் கிட்ட பேசினா ரிட்டர்ன் லோடுல சல்லிசா வருவார்.

பச்சப் பலகை வந்த அன்னைக்கே ரெண்டு நுனிலயும் பழைய பெயிண்ட்டோ உருக்கின மெழுகோ பூசிடுங்க, ஈரம் நுனி வழியா வேகமா வெளியேறுறதால தான் அங்க வெடிப்பு விழுது. நிழல்ல, காத்து வர்ற இடத்துல, தரையிலேர்ந்து ஒரு செங்கல் உசரத்துக்கு மேல அடுக்குங்க. ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ஒரே கனத்துல இருக்குற ரீப்பர் குச்சி (மெல்லிசான மரச்சட்டம்), ஒன்றரை அடிக்கு ஒன்னு, மேல இருக்குற குச்சி கீழ இருக்குற குச்சிக்கு நேரா வரணும், தள்ளி வச்சா பலகை வளைஞ்சுடும். மேல நாலு ஹாலோ பிளாக் வெயிட். மொட்டை மாடி வெயில்ல மட்டும் போடாதீங்க, சித்திரை வெயில் எந்த மரத்தையும் பிளந்துடும்.

ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு பொதுவா சொல்லுவாங்க, நம்ம சூட்டுல பல மரங்கள் அதுக்கு முன்னாடியே காஞ்சுடும். ஈரம் பாக்குற மீட்டர் இருந்தா 12 சதவீதத்துக்குப் பக்கம் வந்தா சரி, கடலோர ஊர்ல அதுக்குக் கொஞ்சம் மேலயே நிக்கும். மீட்டர் இல்லன்னா ஒரு பலகைய கிச்சன் தராசுல வாரா வாரம் எடை போட்டு சாக்பீஸால அது மேலயே எழுதுங்க, எடை குறையறது நின்னா காஞ்சாச்சு. மா, ரப்பர், வெள்ளை நிறைய இருக்குற எதுவா இருந்தாலும் போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணிய அறுத்த கையோட ரெண்டு தடவை பூசுங்க. அடுக்குக்குக் கீழ மாவு மாதிரி தூள் விழுந்திருந்தா உளு (மரத்தைத் துளைக்கிற பூச்சி) வந்துடுச்சு, அந்தப் பலகைய அன்னைக்கே தனியா எடுத்து வெளில போட்டுடுங்க, பக்கத்துப் பலகைக்கும் திரும்ப மருந்து பூசுங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பலகைய எந்த ரூம்ல சாமான் நிக்கப் போகுதோ அந்த ரூமுக்கே கொண்டு வந்து வச்சுடுங்க, ஏசி ரூம்னா கண்டிப்பா.